ரெண்டு வெளிச்சத்துலயும் நிக்கிற நீலம்

மூணு மணிக்குள்ள படத்தை அனுப்பணும், இப்ப மணி பன்னெண்டேகால். அனுப்பறதுக்கு ஒரு தட்டு தட்டினாப் போதும், அதுக்கு எதுக்கு இத்தனை நேரம்னு யாராச்சும் கேட்டா அழகு பாக்கறதுக்குன்னு சொல்லுவேன், வெக்கமே படாமச் சொல்லுவேன். எட்டடிக்கு எட்டடி. கோயமுத்தூர்ல எங்க வான்நோக்குக் குழு நடத்தற கண்காட்சியில, வாசல்ல நுழைஞ்சதும் மொத செவுத்துல, துணியில அச்சடிச்சுத் தொங்கவிடப் போறாங்க. கீழ ரெண்டு வரி. படம்: தண்டபாணி. நிறம்: வசந்தாமணி. தண்டபாணி எங்க வீட்டுக்காரர், நிட்டிங் மிஷினுக்கு ஃபிட்டர். வசந்தாமணி நான். திருப்பூர் சாயப்பட்டறை ஒன்னுல இருபத்தேழு வருசமா, சாயம் ஏறி வந்த துணியப் பாத்து கலர் சரி, கலர் சரியில்லன்னு சொல்றதுதான் என்ற வேலை. மொட்டைமாடியில தொலைநோக்கி வெச்சு அவர் புடிப்பார், அதுக்குக் கீழ, மாடியில இந்த ரூம்புல உக்காந்து நான் கலர் ஏத்துவேன். ஆறு வருசமா இப்படித்தான். ஆறு வருசமும் படத்துக்குக் கீழ அவர் பேரு மட்டுந்தான் இருந்துச்சு. நானும் ஒன்னுஞ் சொல்லல, ஏன்னா கேட்டு வாங்கறது எனக்குப் புடிக்காது. இந்தத் தடவை கேட்டேன். குழுத் தலைவர் பிரேம்நாத், பல் டாக்டர், நிறம்ங்கறது கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன்தானுங்களே மேடம், அதுக்குத் தனியாப் பேரு எதுக்குன்னார். ஒத்தப் பல்லு கட்டறதுக்கு வெள்ளையிலயே பதினாறு வெள்ளை வெச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேராப் புடிச்சுப் புடிச்சுப் பாக்கறீங்களே, அதுக்கு எந்தப் பட்டன்னு கேட்டேன். மனுசன் சிரிச்சுட்டு சரின்னுட்டார். பேரு வந்துருச்சு. அதனால இன்னிக்கு அழகு பாக்கறேன்.

பாக்கறதுக்கு முன்னாடி கருப்புக் கண்ணாடியக் கழட்டணும். வலது கண்ணுல புரை எடுத்து இன்னிக்கு ஒம்பதாம் நாள். இடது கண்ணு அடுத்த மாசம். கம்ப்யூட்டரைத் தொடவே கூடாதுன்னு வீட்டுக்காரர் ஒரு வாரமா இந்த ரூம்புக்குப் பூட்டுப் போடாத குறை. டாக்டரே கொஞ்ச நேரம் பாக்கலாம்னுட்டார், அப்புறம் இவருக்கு என்ன. கழட்டினேன். படத்தைத் தொறந்தேன். இந்தப் படம் எனக்கு உள்ளங்கை ரேகை மாதிரி, டிசம்பர்ல இருந்து ரெண்டு மாசம் இதுலயே கெடந்தேன். ரோஜாப்பூ மாதிரி ஒரு வாயு மேகம், நெபுலான்னு சொல்லுவாங்க, வெறுங்கண்ணுக்கு ஒரு சொட்டும் தெரியாது. நடுவுல ஒரு பள்ளம், பள்ளத்துல நாலஞ்சு நட்சத்திரம், சுத்திலும் மடிமடியா இதழு. இதழுக்குத் துரு நெறம் குடுத்தேன். எல்லாரும் குடுக்கற ஆரஞ்சு இல்ல, மழையில நனைஞ்ச இரும்புல வருமே, அந்தத் துரு. பள்ளத்துக்கு நீலம். அந்த நீலத்துலதான் என்ற பேரே இருக்கு. விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி வர்ற நீலம், இருக்கா இல்லையான்னு தயங்கி நிக்கும், அப்படி வர்ற வரைக்கும் நான் விடல. தொறந்தேனா, நீலம் கத்துச்சு. வேற வார்த்தை வரல எனக்கு. வெள்ளை வேட்டிக்கு சொட்டு நீலம் கை தவறிக் கொட்டிட்டா எப்படி இருக்கும், அப்படி நடுவுல அப்பிக் கெடக்குது. என்னடா இது. வேற ஃபைலைத் தொறந்துட்டேனோ. பேரைப் பாத்தேன், தேதியப் பாத்தேன், இதேதான். ஸ்கிரீன்ல கோளாறா இருக்கும், ஒம்பது நாளா யாருந் தொடல, இவர் தூசி தட்டறேன்னு எதையாச்சும் திருகியிருப்பார். இல்ல. ஜன்னல் வெயிலா இருக்கும், திரையை இழுத்து விட்டேன். இல்ல. அப்புறம் எப்படித் தோணுச்சோ, வலது கண்ணைக் கையால பொத்திப் பாத்தேன். அங்க இருக்குது. என்ற நீலம், தயங்கி நிக்கிற நீலம், நான் விட்ட எடத்துல விட்ட மாதிரியே. கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினேன். கத்துது. மாத்தினேன். நிக்குது. மாத்தினேன். கத்துது. சின்னப் புள்ளைக ஒத்தக் கண்ணை மூடி மூடி விரலை நகத்தி வெளையாடுமே, அம்பத்திமூணு வயசுல அதைப் பண்ணிட்டு உக்காந்திருக்கேன்.

புரிஞ்சு போச்சு, புரிய எனக்கு நேரமாகாது, கலர் விசயத்துல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. கண்ணுக்குள்ள இருந்த வில்லை வருசக்கணக்கா மஞ்சளேறிப் பழுத்திருக்கு. மஞ்சள் நீலத்தைத் தின்னும், இது சாயப்பட்டறையில நேத்து சேர்ந்தவனுக்கும் தெரியும். அது தின்னத் தின்ன நான் மேல மேல ஊத்தியிருக்கேன். பத்தல, பத்தல, இன்னுங் கொஞ்சம். ரெண்டு மாசமா நான் பெருமையா ஏத்துனது நெபுலாவுக்கு இல்ல, என்ற புரைக்கு. சரி, போகட்டும், இது யாருக்குத் தெரியப் போகுது. பிரேம்நாத்துக்கே நல்லாருக்குன்னு பட்டுச்சு. எல்லாருக்குமே நீலந் தூக்கலா இருந்தாத்தான் புடிக்கும், வெளிநாட்டுக்காரங்க போடற படமெல்லாம் மயிலிறகு மாதிரி மின்னுது, இதுவும் மின்னட்டும். இப்படி ஒரு நிமிசம் நெனச்சேன், நெனச்சதைச் சொல்றதுக்கென்ன. ஆனா வீட்டுக்காரர் ஒன்னு சொன்னார் அப்பவே. ஜனவரியில ஒரு நாள், பின்னாடி வந்து நின்னு, பள்ளத்துக்குள்ள ஒரு மடிப்பு மாதிரி தெரியுது, பாலு ஆறுனா மேல ஏடு சுருங்குமே அந்த மாதிரி, அதை அழிச்சுறாதன்னார். நான் பாத்தேன், ஒன்னுமில்ல. அது நாய்ஸுங்க, கேமராவோட புள்ளி, வெறும் பிசிறுன்னேன். இல்ல புள்ள, இருக்குதுன்னார். எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. துணியில பிசிறு எது, பின்னல் எதுன்னு எனக்குச் சொல்றீங்களான்னு கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், பின்னல் அவர் தொழில், பிசிறும் அவர் தொழில். அவர் மேல போயிட்டார், அடுத்த நாள் ராத்திரிக்கு ட்ரைபாடு காலைத் தொடச்சுட்டு இருந்தார். நான் வழவழப்பாக்கற கருவியை எடுத்து அந்த எடத்தைத் தேச்சு விட்டேன், மேல நீலத்தை ஊத்துனேன். ரொம்ப சுத்தமா இருந்துச்சு.

என்ற மனசு அத்தோட நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. சாயப்பட்டறைக்குப் போகுது. போகாதங்கறேன், போகுது. ஞாயித்துக்கிழமை, பட்டறை லீவு, லேபு பூட்டிக் கெடக்கும், அங்க என்ன வேலை உனக்கு. லைட் பாக்ஸுக்கு முன்னாடி போய் நிக்குது. லைட் பாக்ஸ்னா ஒரு பொட்டி, உள்ள சாம்பல் பெயிண்டு, மேல மூணு வகை விளக்கு. பகல் வெளிச்சம் ஒன்னு, கடை ட்யூப்லைட் ஒன்னு, மஞ்சள் பல்பு ஒன்னு. பையர், அதான் துணி வாங்கற கம்பெனி, மாதிரிக்குக் குடுத்த துண்டையும் நம்ம துணியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, விளக்கை மாத்தி மாத்திப் பாக்கணும். ஒரு விளக்குல சேந்து நின்னு இன்னொரு விளக்குல பிரிஞ்சு போச்சுன்னா அது கலரே இல்ல, திருப்பி அனுப்பு. இதுதான் முறை. நான் என்ன பண்ணுவேன், பையர் துண்டைப் பக்கத்துல வெக்க மாட்டேன். எதுக்கு வெக்கணும், ஒரு தடவை பாத்தா எனக்கு மண்டையில நிக்கும். லேப் இன்சார்ஜ் மகுடீஸ்வரன் இதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார், வர்ற ஆளுககிட்டயெல்லாம், இந்தம்மா துண்டே இல்லாம ஷேடு சொல்லும்பார். நான் காதுல விழாத மாதிரி நின்னுக்குவேன், விழும். போன வருசத்துக்கு முந்தின வருசம் கார்த்திகையில ஸ்கை ப்ளூ. நாலாம் நம்பர் மிஷின், ஓட்டுனவன் செல்லமுத்து. பாத்ததுமே டல்லுன்னேன். மகுடீஸ்வரன் கலர் அளக்கற மிஷின் ரீடிங்கைக் காட்டினார், சரியாத்தான இருக்குதுங்கன்னார். மிஷினா துணி உடுத்தப் போகுது, டல்லுன்னா டல்லுதான், நீலம் ஏத்துன்னேன். அடுத்து சாயம் ஏத்துன லாட்டும் டல்லு. மூணாவதும் டல்லு. ஒரே மாசத்துல மூணு லாட்டு ஒருத்தன் மிஷின்ல டல்லாச்சுன்னா அவன் சாயத்தைச் சரியா நிறுத்துப் போடறதில்லன்னு மேனேஜர் முடிவு பண்ணிட்டார். செல்லமுத்தைப் பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. பதினாலு வருசம் சாயம் ஓட்டுன கை, இப்ப அட்டைப் பொட்டிக்கு டேப்பு ஒட்டுது. நான் அவங்களைத் தடுக்கல, தடுக்கறதுக்கு என்ன இருக்கு, டல்லுதான அதுன்னு நெனச்சேன். மறுபடி சாயம் ஏத்தி அனுப்புனதுக்குப் பையர் ஆபீஸ்ல இருந்து ஒரு வரி வந்துச்சு, நீலம் ஒரு நூல் தூக்கல், பரவாயில்லன்னு. அதைப் படிச்சுட்டு நான் சிரிச்சேன். தூக்கலாம், பாத்துக்க மகுடீஸ்வரா, யார்ற கண்ணுன்னு. இப்ப அந்த ஒரு வரியை மனசுக்குள்ள திரும்பப் படிக்கறேன். துண்டைப் பக்கத்துல வெச்சிருந்தா ரெண்டும் ஒரே மஞ்சள்ல தெரிஞ்சிருக்கும், சேந்து நின்னிருக்கும், பாஸ் பண்ணியிருப்பேன். பழைய கண்ணுல பாத்து மண்டையில வெச்ச நீலத்தைக் கொண்டுபோய்ப் புரைக் கண்ணுல பாத்த நீலத்தோட ஒப்பிட்டிருக்கேன். இல்ல, இருக்காது. மூணு லாட்டும் தப்பாப் பாத்திருப்பேனா நான், இருபத்தேழு வருசத்துல. அன்னிக்கு நெசமாவே டல்லா இருந்திருக்கும். செல்லமுத்து கவனக்குறைவான ஆளுதான். எப்பப் பாத்தாலும் போன்ல பாட்டு. அப்படி ஒன்னும் இல்ல, போன்ல பாட்டு வெக்கறது நல்லதம்பி, செல்லமுத்து இல்ல.

வீட்டுக்காரர் மேல வந்தார், சோறு ஆறுதுன்னு சொல்ல. கதவுகிட்ட நின்னார். நான் திரும்பிப் பாத்தேன், பாத்ததும் எந்திரிச்சுட்டேன். அவர் போட்டிருந்த டீசர்ட்டு அந்த ஸ்கை ப்ளூ. செல்லமுத்து லாட்டுதான், ஒதுக்குன துணியில கொஞ்சம் நானே வாங்கிட்டு வந்து தெச்சுக் குடுத்தது. வெளிய போட்டுட்டுப் போகாதீங்க, டல்லு, வீட்டோட போட்டுக்கோங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். அவரும் வீட்டோட போட்டுக்குவார். ஒன்னேகால் வருசமா என்ற கண்ணு முன்னாடி இட்லி தின்னுட்டு இருந்துச்சு அந்த நீலம். இப்ப பளிச்சுனு நிக்குது, நல்ல காலை வானம். துவைச்சுத் துவைச்சு வெளுத்தும் அப்படி. சோறு இருக்கட்டும், இங்க வாங்க, ஜன்னல்கிட்ட நில்லுங்கன்னேன். என்ன புள்ளன்னார், நின்னார். தோள்பட்டையில துணியை இழுத்துப் புடிச்சு வலது கண்ணுல பாத்தேன், இடது கண்ணுல பாத்தேன். வெளுத்த துணியில என்ன தெரியும், இதை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. பீரோவைத் தொறந்தேன், அடியில மீதித் துணி ஒரு முழம், தண்ணி படாதது. என்ற ஆபீஸ் பையில பழைய ஷேடு புத்தகம் இருக்கும், பையர் துண்டெல்லாம் அதுல ஒட்டி வெச்சிருப்போம், பெருமைக்கு வெச்சிருக்கேன், தொறந்து பாத்ததில்ல. தொறந்தேன். பையர் துண்டையும் செல்லமுத்து துணியையும் ஜன்னல் கட்டையில பக்கத்துல பக்கத்துல வெச்சேன். இருபத்தேழு வருசத்துல மொத தடவை வேலைக்குச் சேந்த புள்ள மாதிரி முறைப்படி வெச்சேன். இடது கண்ணுல பாத்தேன், சேந்து நிக்குது. வலது கண்ணுல பாத்தேன், சேந்து நிக்குது. ட்யூப்லைட் போடுங்கன்னேன், போட்டார். அதுலயும் சேந்து நிக்குது. எங்க ஒன்னு முடியுது, எங்க இன்னொன்னு ஆரம்பிக்குதுன்னு விரல் வெச்சுத் தடவித்தான் சொல்ல முடியும். அவர் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னார். கண்ணுல மருந்து விட்டயான்னு கேட்டார். விட்டேன்னேன், விடல. சோத்தை மூடி வெச்சுட்டு நீங்க தின்னுங்கன்னேன். எறங்கிப் போனார், அந்த நீலமும் படியில எறங்கிப் போச்சு.

மணி ஒன்னரை. படம் இன்னமும் ஸ்கிரீன்ல கத்திட்டுத்தான் இருக்குது. பேரை எடுத்துருங்கன்னு பிரேம்நாத்துக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சு போச்சு, படம் தண்டபாணி, அத்தோட நிக்கட்டும், பல் டாக்டர் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கட்டும். போனைக் கையில எடுத்தேன். வெச்சேன். ஒரு கண்ணு பழுத்துக் கெடக்குதுன்னா நான் கலர் பாக்கறவ இல்லைன்னு ஆயிருமா. ஜன்னல்கிட்ட இப்பப் பாத்தது யாரு. புதுக் கண்ணை மட்டும் நம்பிப் படத்தை மாத்தலாமா, அதுவும் கூடாது, கொஞ்ச நாளைக்கு எல்லாம் நீலமாத்தான் தெரியும், அப்புறம் பழகிரும்னு டாக்டரே சொல்லியிருக்கார். அதுவும் ஒரு விளக்குதான். இது ஒரு விளக்கு, அது ஒரு விளக்கு. அட. லைட் பாக்ஸ். அதைத்தான இத்தனை நேரமாத் தூக்கிட்டுத் திரியறேன், மண்டையில. கண்காட்சிக்கு யாரு வருவாங்க, இஸ்கூல் புள்ளைக வரும், கண்ணாடி மாதிரி தெளிஞ்ச வில்லை. அதுகளைக் கூட்டிட்டு என்ற வயசு, என்னைவிட மூத்த வயசு ஆளுக வருவாங்க, பாதிப் பேருக்குப் பழுத்த வில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே துணிதான் தொங்கும். ரெண்டு வெளிச்சத்தையும் ஒத்த மண்டையில வெச்சிருக்கறவ இந்தக் குழுவுலயே நான் ஒருத்திதான், அதுவும் அடுத்த மாசம் வரைக்குந்தான், இடது கண்ணையும் அறுத்துட்டா போச்சு. இதை நெனச்சதும் முதுகு நிமுந்துச்சு. ஸ்லைடரைப் புடிச்சேன். நீலத்தைக் கொறைச்சேன், வலது கண்ணு. இடது கண்ணுல செத்துப் போச்சு, சாம்பலாத் தெரியுது. கொஞ்சம் ஏத்தினேன். நீலத்தை ஏத்தறதுக்குப் பதிலா வெளிச்சத்தை ஏத்திப் பாத்தேன், அது தேவலாம். நீலத்துல ஒரு சொட்டு பச்சை சேத்தேன், மஞ்சள் வில்லைக்குப் பச்சை தாங்கும், பள்ளத்துல இருக்கற ஆக்சிஜன் வாயுவோட வெளிச்சமும் நெசத்துல நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுலதான, இத்தனை நாளா அதைத் தள்ளி வெச்சவளே நான்தான். பொத்திப் பாத்தேன், மாத்திப் பொத்திப் பாத்தேன். கிட்ட வருது. ரெண்டுலயும் ஒரே நீலம் இல்ல, ஒரே நீலமா வரவே வராது. ரெண்டுலயும் கத்தாம, சாகாம நிக்கணும், அவ்வளவுதான். நீலத்தை எறக்கின எடத்துல, பள்ளத்துக்குள்ள, என்னமோ ஒன்னு லேசா நெளிஞ்சுச்சு. தேச்சு விட்ட அடுக்கை எடுத்துட்டுப் பாத்தேன். ஏடு மாதிரி ஒரு சுருக்கம், நட்சத்திரத்துக்கு இடது பக்கம். பிசிறாத்தான் இருக்கும்னு மறுபடியும் வாய் வரைக்கும் வந்துச்சு. வாயை மூடிட்டு அவர் வெச்சிருக்கற ஃபைலெல்லாம் தேடினேன். ஒரு ஃபோல்டர், பேரு "வசந்தாவுக்கு", ஜனவரி தேதி, நான் கத்துன அன்னிக்கு மறுநாள். உள்ள ரெண்டே படம். மொத ஆறு ராத்திரி புடிச்சது தனியா ஒன்னு, கடைசி அஞ்சு ராத்திரி புடிச்சது தனியா ஒன்னு. பிசிறா இருந்தா ரெண்டுலயும் ஒரே எடத்துல விழாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். ரெண்டுலயும் அதே எடத்துல அதே சுருக்கம். மூணு மாசமா இது இங்கயே இருந்திருக்கு, அவர் வாயைத் தொறந்து ஒரு தடவை சொல்லல, நான் தொறந்து ஒரு தடவை பாக்கல. மூக்கைச் சிந்தக் கூடாது, கண்ணுக்கு அழுத்தம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால சும்மா உக்காந்திருந்தேன் கொஞ்ச நேரம்.

அப்புறம் அந்த மடிப்பைக் கொண்டு வந்தேன். ரொம்பக் கூர்மையாக்கல, கூர்மையாக்கினா கீறல் மாதிரி ஆயிரும், துணியில எட்டடியில நல்லாருக்காது. இருக்குதான்னு தேடறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். ரெண்டே காலுக்குப் படியில எறங்கினேன். தட்டு ரெண்டும் மூடி வெச்சபடியே இருக்குது, அவரும் தின்னல, பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கார்.

"ஏனுங்க, நீங்க சொன்ன மடிப்பு இருக்குதுங்க."

"அது எங்க போகும்," பேப்பரை மடிச்சார். "அங்கயேதான் இருந்துச்சு."

சொல்லிட்டு ரசத்தைச் சூடு பண்ணப் போனார். நான் திரும்ப மேல வந்துட்டேன். படம் தயார். மணி ரெண்டரை. கடைசியாக் கீழ அந்த ரெண்டு வரியை நானே அடிச்சுச் சேத்தேன், நிறம்: வசந்தாமணி, எழுத்து நல்லா நிக்குது. அனுப்பற எடத்துக்குக் கொண்டுபோய் வெச்சுட்டு விரலை எடுத்துட்டேன். அந்தப் பேரை அங்க போடறதுன்னா அதுக்கு முன்னாடி ஒன்னு பண்ணணும், பண்ணாம எட்டடியில பேரு தொங்குனா நான் அதுக்குக் கீழ போய் நிக்க முடியாது. நாளைக்குப் பட்டறையில பாத்துச் சொல்லிக்கலாம்னு ஒரு யோசனை. நாளைக்கு நான் பாத்துச் சொல்ல மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும், நாளைக்கு மகுடீஸ்வரன் பக்கத்துல நிப்பார், என்ற கண்ணாபரேசன் கதையைக் கேப்பார், நான் பெருமையாச் சொல்லிட்டு நின்னுருவேன். இப்பவே. செல்லமுத்து நம்பரைத் தேடி எடுத்தேன். அடிச்சுட்டே இருக்குது. எடுக்காம இருந்தாத் தேவலாம்னு நெனைக்கறப்ப எடுத்தான். சொல்லுங்கக்கான்னான், பின்னாடி டிவி சத்தம், கொறைச்சான். லீவு நாள்ல நான் கூப்பிட்டதுல பயந்திருப்பான், எந்தப் பொட்டியில என்ன மாறிப் போச்சோன்னு. சுத்தி வளைக்கற பழக்கம் எனக்கு இல்ல, இருந்தாலும் சுத்தினேன், சாப்பிட்டயா, புள்ளைக நல்லா இருக்குதுகளான்னு. நல்லா இருக்குதுங்கக்கான்னான்.

"செல்லமுத்து, அன்னிக்கு நாலாம் நம்பர்ல ஓட்டுனயே ஸ்கை ப்ளூ, மூணு லாட்டு. உன்ற துணி டல்லு இல்ல. என்ற கண்ணுதான் டல்லு."

கட்டாயிருச்சோன்னு போனை எடுத்துப் பாத்தேன், இல்ல, ஓடிட்டுத்தான் இருக்குது. நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட நானே சொல்றேன், மகுடீஸ்வரனை வெச்சுட்டே சொல்றேன், துணியையும் துண்டையும் கொண்டு வர்றேன், லைட் பாக்ஸுல வெச்சு எல்லாரும் பாக்கட்டும்னு அவசர அவசரமாச் சொன்னேன். மன்னிச்சுக்கன்னு சொல்ல வாய் வரல, எனக்குத் தெரியாத வார்த்தை மாதிரி நாக்குல நின்னுச்சு, அப்புறம் அதையும் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்கக்கா," அப்படின்னான். "ஓட்டுனவனுக்குத் தெரியாதுங்களா." அப்புறம் அவனே, "இப்பக் கண்ணு பரவால்லைங்களா?"

பரவாயில்லைன்னேன். கோயமுத்தூர்ல ஒரு படம் வெக்கறாங்க, எட்டடி, புள்ளைகளைக் கூட்டிட்டு வா, பள்ளத்துல ஒரு நீலம் போட்டிருக்கேன், டல்லா இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லுன்னேன். சொல்றனுங்கக்கான்னான், அவன் குரல்ல சிரிப்பு இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல. வெச்சுட்டான். ஒரு தடவை வலது கண்ணைப் பொத்திப் பாத்தேன், இடதைப் பொத்திப் பாத்தேன். நிக்குது. ரெண்டுலயும் நிக்குது. இதைச் செய்ய ஊருக்குள்ள வேற ஆளு இல்ல, இதை நான் யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன். கீழ இருந்து சோத்துக்குக் கூப்பிட்டார். வர்றனுங்கன்னு சொல்லிட்டு, ரெண்டு அம்பத்தேழுக்கு அனுப்பினேன், பேரோட.